நட்சத்திர வீரரை விற்பதா, ஒப்பந்தத்தை நீட்டிப்பதா?

அஸர் தொழுகை முடிந்ததும் மைதானத்துக்கு ஓடும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கூமாப்பட்டியிலிருந்து மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அந்த மண்ணின் கால்பந்து ஆசை இந்தப் பக்கமும் பரவாமல் இருக்குமா? சலாஹ் எந்த அணியில், எத்தனை ஆண்டு ஒப்பந்தத்தில் ஆடுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பெரியவர்களுக்கோ ஒரே கேள்விதான்: "ஆட்களை விற்பார்களாம், வாங்குவார்களாம், இது என்ன வியாபாரம்?" நியாயமான கேள்வி. அதற்கான விளக்கத்தை இங்கே பார்ப்போம்.

சஹல் கதை

2023 ஜூலையில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி தன் செல்லப்பிள்ளை சஹல் அப்துல் சமதை மோகன் பகானுக்குக் கொடுத்தது. பதிலுக்கு பிரீதம் கோட்டால் என்ற அனுபவமிக்க தடுப்பாட்டக்காரரும் ஒரு தொகையும் கிடைத்தன. சஹல் அல்-ஐனில் பிறந்தவர், கண்ணூர் குடும்பத்துப் பிள்ளை. பிளாஸ்டர்ஸின் இளையோர் அணியில் தொடங்கி இந்திய அணி வரை உயர்ந்தவர். அவருக்கு 2025 வரை ஒப்பந்தம் பாக்கி இருந்தது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

பிறகு நடந்தது என்ன? மோகன் பகான் 2023-24, 2024-25 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஐ.எஸ்.எல். லீக் கேடயத்தை வென்றது. 2025 ஏப்ரலில் கோப்பையையும் சேர்த்து எடுத்தது. பிளாஸ்டர்ஸுக்கு அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஒரு கோப்பையும் இல்லை. பதிலுக்கு வந்த கோட்டாலும் ஒன்றரை ஆண்டில், 2025 ஜனவரியில், நம் சென்னையின் அணிக்கு மாறிவிட்டார்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சஹல் போன அதே பருவத்தில் விபின் மோகனன், லட்சத்தீவின் இரட்டையர்களான முஹம்மது ஐமன், முஹம்மது அஸ்ஹர் போன்ற இளைஞர்களுக்கு பிளாஸ்டர்ஸின் நடுக்களத்திலும் முன்களத்திலும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு நட்சத்திரம் நகர்ந்தால் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு வெளிச்சம் விழும். எனவே லாப நட்டத்தை ஒரே வரியில் எழுதிவிட முடியாது.

விற்கப்படுவது மனிதர் அல்ல

ராஜபாளையம் நூற்பாலையில் வேலை செய்பவர் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு ஆலைக்குப் போகலாம். கால்பந்து வீரர் ஒப்பந்தக் காலத்தின் நடுவில் அப்படிப் போக முடியாது. அவரை வேண்டும் என்கிற அணி, மீதமுள்ள காலத்துக்காக இப்போதைய அணிக்குத் தொகை கொடுக்க வேண்டும். அதுதான் மாற்றுத் தொகை. வீரரின் சம்மதமும் கட்டாயம். அவர் கையெழுத்திடாமல் மாற்றம் நடக்காது.

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் கதையே வேறு. பெல்ஜிய வீரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: காலம் முடிந்த வீரர் தொகை ஏதுமின்றி வேறு அணிக்குப் போகலாம். இன்று கடைசி ஆறு மாதங்களிலேயே அவர் மற்ற அணிகளோடு பேசலாம். அணிகளுக்கு வரும் தலைவலியெல்லாம் இதிலிருந்துதான். நீட்டிக்கவும் முடியாமல், விற்கவும் மனமில்லாமல் காலத்தைக் கடத்தினால் கையில் எதுவும் மிஞ்சாது.

இரண்டு உதாரணங்கள்

பாரிஸ் அணி 2021-இல் எம்பாப்பேவுக்கு ரியல் மாட்ரிட் தர முன்வந்த பெருந்தொகையை மறுத்தது. 2022-இல் ஒப்பந்தத்தை நீட்டித்தது. ஆனால் 2024-இல் அவர் ஒரு காசு மாற்றுத் தொகை இல்லாமல் அதே மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். சம்பள பாக்கி தொடர்பான வழக்கு வேறு மிச்சமாக நின்றது.

லிவர்பூல் 2023-இல் சலாஹுக்காக சவூதியிலிருந்து வந்த பெரும் விலையை மறுத்தது. அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்ததால் பலரும் தலையை ஆட்டினார்கள். 2024-25 பருவத்தில் அவர் லீக்கில் 29 கோல் அடித்தார், 18 கோலுக்கு உதவினார், அணி பட்டம் வென்றது. 2025 ஏப்ரலில், ஒப்பந்தம் முடிய மூன்று மாதம்கூட இல்லாத நிலையில், மேலும் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்தானது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் தெளிவாகின்றன. ஒப்பந்தம் எவ்வளவு பாக்கி? அவர் இடத்தில் ஆட ஆள் தயாரா? அவர் உண்மையில் தங்க விரும்புகிறாரா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், காலம் இருக்கும்போதே நல்ல விலைக்கு விடுவதே இரு தரப்புக்கும் நல்லது. 'ஆம்' என்றால், கடைசி ஆண்டு வரை இழுக்காமல் முன்பே நீட்டிக்க வேண்டும். இதுவே நம் கருத்து.

மார்க்கம் காட்டும் வழி

கூலி ஒப்பந்தம் நமக்குப் புதிதல்ல. அல்கஸஸ் அத்தியாயத்தில் மத்யன் பெரியவர் மூஸா (அலை) அவர்களோடு செய்த ஒப்பந்தத்தைப் பார்க்கிறோம். எட்டு ஆண்டுகள் கடமை; பத்தாக நிறைவு செய்வது மூஸா நபியின் விருப்பம். நீட்டிப்பு வற்புறுத்தலாக இல்லை, மனமுவந்த சம்மதமாக இருந்தது. அவர்கள் நீண்ட தவணையையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. பணிக்கு அமர்த்தத் தகுந்தவரின் அடையாளமாக அங்கே சொல்லப்படுபவை இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை. முதலாவதை அணிகள் பரிசோதித்துக்கொள்கின்றன. இரண்டாவதை வீட்டில் நாம்தான் வளர்க்க வேண்டும்.

அல்மாயிதாவின் முதல் வசனம் ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்கிறது. இது வீரருக்கு மட்டும் உரிய கட்டளை அல்ல. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகளாரின் வழிகாட்டல் அணி உரிமையாளருக்கும் பொருந்தும். 2025-இல் ஐ.எஸ்.எல். வழக்கமான செப்டம்பரில் தொடங்காமல் தள்ளிப்போனபோது, நீண்ட ஒப்பந்தம் வைத்திருந்த வீரர்களின் குடும்பங்களும் அடுத்து என்ன என்று தவித்தன. காகிதத்தில் இருக்கும் ஆண்டுகள் மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

பெற்றோர் கவனத்திற்கு

நாளை உங்கள் பிள்ளைக்கும் ஒரு அகாடமியிலிருந்து காகிதம் வரலாம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் கூடாது. பெரியவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டே உச்சம். சம்பளம் எந்தத் தேதியில், காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, படிப்பு என்ன ஆகும், இடையில் விலக வழி என்ன ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கடனைக்கூட எழுதி, சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. புரியாத மொழியில் இருந்தால், தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போட்ட கையெழுத்தை மதிக்கவும், பிரிய வேண்டி வந்தால் மனக்கசப்பில்லாமல் பிரியவும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்புரிவானாக!