கோபத்தை விழுங்குறது தியானம் இல்லை

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி: தியானம் பண்ணா கோபம் போயிடுமா?

போகாது. அதைப் போக வைக்கணும்னே உட்கார்ந்தா சிக்கல் கூடும். ஏன்னு ஜென் வழியா பார்ப்போம்.

ஜென்னு சொன்னதும் ஜப்பான்தான் ஞாபகம் வரும். ஆனா 'தியானம்'ங்கிற சொல்தான் சீனாவுல 'சான்' ஆகி, ஜப்பான்ல 'ஜென்' ஆச்சு. ஜென் மையமும் நமக்குத் தூரமில்லை. தேனியில இருந்து பெரியகுளம், காட்ரோடு வழியா மலை ஏறினா, கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னாடி பெருமாள்மலை. அங்கதான் 'போதி ஜென்டோ' இருக்கு. 1996-ல அதைத் தொடங்கியவர் ஏ.எம்.ஏ. சாமி. இயேசு சபைக் குருவான அவர், ஜப்பான்ல காமகுராவுக்குப் போய் யமடா கோவுன்கிட்ட ஜென் கத்துக்கிட்டார். அந்த யமடா துறவி இல்லை. குடும்பஸ்தர், வேலைக்குப் போனவர். ஜென் பழக வீட்டை விட்டுப் போகணும்னு அவசியமில்லைங்கிறதுக்கு அவரே சாட்சி.

இதை உளவியல் பக்கமா நகர்த்தினவங்கள்ல முக்கியமானவர் அமெரிக்காவின் சார்லட் ஜோகோ பெக் (1917–2011). நாலு பிள்ளைகளை வளர்த்தவர், நாற்பதுக்கு மேல ஜென்னுக்கு வந்தவர். 1989-ல வந்த 'எவ்ரிடே ஜென்' அவரோட புத்தகம். அமைதியைத் தேடி கோபத்துல இருந்து தப்பிக்காதீங்க, அந்தக் கோபத்தையே பயிற்சியா எடுத்துக்கோங்கங்கிறதுதான் அவர் சொல்லிக்கொடுத்ததோட சாரம்.

நம்ம பாஷையில சொல்றேன். கோடுல எர்ரரைப் பிடிச்சு, எங்கேயும் பதிவு பண்ணாம விழுங்கிட்டா, ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா தெரியும். உள்ள டேட்டா கெட்டுக்கிட்டே இருக்கும். "நான் தியானம் பண்றவன், எனக்குக் கோபமே வராது"ங்கிறதும் அதே கதைதான். ஜோகோ பெக் சொல்ற வழி, முதல்ல லாக் பாருங்கன்னு சொல்ற மாதிரி.

ஒரு காட்சியை நினைச்சுக்கோங்க. கம்பத்துல வீட்ல இருந்தே வேலை. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கால். காலையில திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்புற அப்பா சொல்றார், "பொழுது ஏறிருச்சு, இன்னும் தூக்கமாய்யா?" சுர்ருனு ஏறுது. இப்ப என்ன செய்யலாம்?

முதல்ல உடம்பைக் கவனிங்க. தாடை இறுகுதா? நெஞ்சு அடைக்குதா? ரெண்டு மூணு மூச்சு அங்கேயே இருங்க, மாத்த வேண்டாம்.

அடுத்து, ஓடுற எண்ணத்துக்குப் பேர் வைங்க: "'அப்பா என் வேலையை மதிக்கல'ன்னு ஒரு எண்ணம்." அது சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்ல வேண்டாம். எண்ணம்னு தெரிஞ்சா போதும்.

அப்புறம் பேசுங்க. "அப்பா, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் வேலைப்பா. எட்டு மணிக்குத் தோட்டத்துக்கு வர்றேன்." கோபம் உள்ளதான் இருக்கு, ஆனா பேசுறது நீங்க.

இப்படிக் கொஞ்ச நாள் பார்த்தா, ஒரே வரி திரும்பத் திரும்ப வர்றது தெரியும். மேனேஜர் கோடுல குறை சொன்னாலும், சொந்தக்காரங்க கல்யாண வீட்ல சம்பளம் கேட்டாலும், உள்ள அதே "என்னை மதிக்கல". வேற வேற இடத்துல ஒரே எர்ரர் மெசேஜ் வந்தா, பிழை அந்த இடங்கள்ல மட்டும் இருக்காதுன்னு நமக்குத் தெரியும். கோபத்துக்கு அடியில பழைய வலியோ பயமோ இருக்கலாம். கோபத்தை விழுங்கிட்டா அதுவும் சேர்ந்து மறைஞ்சிடும்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, கோபத்தைப் பார்க்குறதுன்னா அநியாயத்தைப் பொறுத்துப் போறதுன்னு அர்த்தமில்லை. கேட்க வேண்டிய சம்பள பாக்கியைக் கேட்டுத்தான் ஆகணும். ரெண்டு, இது மருத்துவத்துக்கு மாற்று இல்லை. வாரக்கணக்குல தூக்கம் வரலை, எதுலயும் பிடிப்பில்லை, செத்துடலாம்னு தோணுதுன்னா, தனியா உட்கார்ந்து கண்ணை மூடிச் சமாளிக்கப் பார்க்காதீங்க. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க. இல்லைன்னா 14416, டெலி மானஸ் இலவச எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.

இந்த வாரம் தினமும் பத்து நிமிஷம் உட்காருங்க. மனசைக் காலி பண்ண முயற்சி பண்ணாதீங்க. எந்த வரி திரும்ப வருதுன்னு மட்டும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.