கூடையை நோக்கிப் பறக்கும் தட்டு



விளையாட்டு என்றவுடன் ஊதுகுழலோடு நிற்கும் நடுவரின் தோற்றமே நம் மனக்கண்முன் எழுகின்றது. நடுவர் இன்றி, ஆடுவோரின் நேர்மையை மட்டும் நம்பி நடைபெறும் ஓர் ஆட்டத்தைப் பற்றி இன்று சில கூறலாமென எண்ணுகின்றேன். அதன் பெயர் டிஸ்க் கோல்ப். தமிழிலே அதனைத் தட்டெறி கோல்ப் எனலாம்.

கோல்ப் ஆட்டத்தில் கோலினாற் பந்தை அடித்துக் குழியில் வீழ்த்துவர். இங்கே கோலுமில்லை, பந்துமில்லை, குழியுமில்லை. பிளாஸ்டிக் தட்டைக் கையால் எறிந்து, தூணிற் பொருத்திய இரும்புக் கூடையிற் சேர்த்தல் வேண்டும். கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலிகள் தட்டின் வேகத்தைத் தணித்து அதனை உள்ளே விழச் செய்யும்.

இந்த ஆட்டத்துக்கு உருக்கொடுத்தவர் எட் ஹெட்ரிக் என்னும் அமெரிக்கர். 1975ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அவர் அமைத்தார். அக்காலத்தில் வெறுந் தூணே இலக்காயிருந்தது. தட்டுத் தூணிற் பட்டதா, படவில்லையா என்ற வாதம் ஓயாதெழுந்தது. அதனைத் தீர்க்கவே சங்கிலிக் கூடை பிறந்தது. 1977இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 1976இல் அவர் தொடக்கிய சங்கமே இன்றும் விதிகளை வகுத்து வருகின்றது. அமெரிக்காவில் இத்தகைய திடல்கள் பல பொதுப் பூங்காக்களிலேயே உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் கட்டணமின்றி ஆடலாம்.

விதிகள் எளியவை. ஒரு திடலிற் பெரும்பாலும் 9 அல்லது 18 கூடைகள் இருக்கும். எல்லாவற்றையும் குறைந்த எறிகளில் முடித்தவரே வென்றவர். முதலெறி எறிமேடையிலிருந்து தொடங்கும். பின்னர் தட்டு எங்கே கிடக்கின்றதோ, அதற்கு நேர் பின்னால் ஒரு காலை ஊன்றி அடுத்த எறியை எறிதல் வேண்டும். கூடைக்கு மிகத் தொலைவில் உள்ளவரே முதலில் எறிவார். கூடையிலிருந்து 10 மீற்றருக்குள் நிற்பவர், எறிந்தபின் உடலை நிலைப்படுத்திக் காட்டாமல் முன்னே அடிவைத்தலாகாது. எல்லைக்கு வெளியே தட்டுச் சென்றால், தண்டனையாக ஓர் எறி கூட்டப்படும்.

புதிதாக ஆடுவோர் பலர், நெடுந்தூரம் செல்லுவதற்கென்று செய்யப்பட்ட கூரிய விளிம்புத் தட்டையே முதலில் நாடுவர். அது மிகுந்த வேகத்தோடு எறிந்தாலன்றி நேராகச் செல்லாது. ஆகவே, இடைத்தூரத் தட்டிலோ கூடைக்கருகே பயன்படும் தட்டிலோ தொடங்குவதே நன்று. தட்டைக் கிடையாகப் பிடித்து, மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுத்துவிடுக. தோளின் வலிமையினும் தட்டின் சுழற்சியே அதிகம் பயன்தரும். முன்விளிம்பு மேல்நோக்கினால் தட்டு வானத்தில் எழுந்து, வேகமிழந்து விழும். வலக்கையாற் புறங்கை வீச்சாக எறியும் தட்டு, வேகம் தணியுங்கால் இடப்பக்கம் சாயும் இயல்பினது. எனவே சிறிது வலப்புறம் குறிவைத்தல் வேண்டும். மரங்களுக்கிடையே துணிந்து எறிவதிலும், திறந்த வெளியைத் தேடி இரண்டு எறிகளாகச் செல்வது எண்ணிக்கையைக் குறைக்கும்.

இவை யாவற்றினும் முதன்மையானதொன்று உண்டு. பூங்கா ஆடுவோருக்கு மட்டும் உரியதன்று. அங்கே முதியோர் உலாவுவர், குழந்தைகள் ஓடித்திரிவர். விரைந்து வரும் தட்டு முகத்திற் பட்டாற் பெருங்காயம் நேரும். வழியில் ஒருவர் நின்றாலும், வளைவுக்கு அப்பால் எவர் உளர் என்பது தெரியாவிட்டாலும், எறியாது காத்திருத்தல் வேண்டும். தட்டுத் தவறிச் சென்றால் உடனே உரக்கக் குரல் கொடுத்தல் வேண்டும்.

எண்ணிக்கையும் இவ்வாறே. புதரினுட் கிடக்கும் தட்டை ஓரடி நகர்த்தினால் எவரும் காணார். ஏழாவது எறியை ஆறென்று எழுதினாலும் பொழுதுபோக்கு ஆட்டத்தில் எவரும் சோதியார். ஆயினும் பலர் நகர்த்துவதில்லை. ஏழை ஏழென்றே எழுதுகின்றனர். பல்லாண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருபவன் என்ற முறையில் இவ்வாட்டத்தில் நான் பெரிதும் மதிப்பது இதனையே. காண்போர் இல்லாத இடத்தும் விதியைக் காப்பதற்குப் பழகுவோர், விளையாட்டுக்கு அப்பாலும் பயன்படும் ஒன்றைக் கற்றவராவர்.