பவளத்துக்கு ஏன் நீல விளக்கு?

தங்கமீன் தொட்டிக்குச் சாதாரண டியூப் லைட் போதும். பவளம் வளரும் உப்புநீர்த் தொட்டியில் மட்டும் ஏன் நீல ஒளி?

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. சின்னஞ்சிறு உயிரிகளின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடும்! ஒளி குறைந்தால் பவளம் பட்டினிதான்.

கடலுக்குள் போகப் போக முதலில் மறைவது சிவப்பு ஒளி. ஆழம் வரை செல்வது நீலம். அதற்குப் பழகியவை இந்தப் பாசிகள். அதனால்தான் நீலமும் வெள்ளையும் கலந்த விளக்கு. முன்பு மெட்டல் ஹாலைடு விளக்கு மாட்டுவார்கள். வெளிச்சம் பிரமாதம், ஆனால், தண்ணீர் சூடாகிவிடும். இப்போது எல்.இ.டி.தான் அதிகம்.

அதற்காக நாள் முழுக்க எரியவிடலாமா? கூடாது. 8 முதல் 10 மணி நேரம் போதும். புது விளக்கு என்றால் ஒளியைச் சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். திடீரென்று கூட்டினால் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். காளான் பவளத்துக்கு மங்கிய ஒளியே போதும். மான்கொம்புப் பவளத்துக்குப் பளீர் ஒளி வேண்டும்.

ராமேஸ்வரம் பக்கம் போனால், கடலில் இருந்து ஒரு துண்டு எடுத்து வந்து வளர்க்கலாமே என்று நினைக்காதீர்கள். 2001-இல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை!