30 மில்லிமீட்டரின் விலை

சிறிய கார்களில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி பலருடைய கண்ணை உறுத்துகிறது. அதைக் குறைத்துவிட்டால் கார் சாலையோடு ஒட்டி நிற்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும், வளைவிலும் நன்றாகத் திரும்பும் என்ற எண்ணத்தில் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு லோயரிங் ஸ்பிரிங் மாட்டுகிறார்கள். கடையில் முதலில் எழும் கேள்வி, எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதுதான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதும் அந்த எண்ணைத்தான். ஆனால் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க அந்த ஓர் எண் போதாது. கார் இறங்கிய பிறகு சக்கரம் மேலே ஏறுவதற்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது, அந்த இடத்துக்குள் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் விறைப்பு ஸ்பிரிங்குக்கு இருக்கிறதா என்ற இரண்டும் தெரியாமல் வாங்குவது, காரின் தோற்றத்துக்காக அதன் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாகும்.

1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி எளிமையானது: ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு அமுக்க இரண்டு மடங்கு விசை வேண்டும். அதிலிருந்து பிறக்கும் அடுத்த உண்மைதான் இங்கே முக்கியம். ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ எடை நிற்கிறது, ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் தேவை, சக்கரம் மேலே ஏற 70 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரை 30 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 40 மி.மீ. முன்பு 70 மி.மீ. தூரத்தில் வாங்கிய அதே அடியை இப்போது 40 மி.மீட்டருக்குள் வாங்க வேண்டுமானால், ஸ்பிரிங் ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். 20 மி.மீ. மட்டும் இறக்கினால் இரண்டு மடங்கு போதும். இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அதற்கு முந்தையதைவிடக் கூடுதல் விலை கேட்கிறது. மூன்று மடங்கு விறைப்பில் காரின் உடல் விநாடிக்கு 1.4 முறை ஆடியது போய் 2.5 முறை ஆடும். அது கிட்டத்தட்டப் பந்தயக் காரின் ஆட்டம். வீட்டுக் காருக்கு அதை யாரும் விற்பதில்லை. லோயரிங் ஸ்பிரிங்குகளின் விறைப்பு பொதுவாகக் கால் பங்கு அளவுக்கே கூடுகிறது. மூன்று மடங்கு தேவைப்படும் இடத்தில் ஒன்றேகால் மடங்குதான் கிடைக்கிறது.

மீதியைத் தாங்குவது யார்? ஷாக் அப்சார்பரின் தண்டில் செருகியிருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் அல்லது நுரைத் துண்டு. எப்போதாவது பெரிய பள்ளம் வந்தால் இரும்போடு இரும்பு மோதாமல் தடுக்க வைத்தது, இறக்கிய காரில் அன்றாடம் அடி வாங்குகிறது. நேர்ச்சாலையில் இதனால் முதுகு வலியோடு போய்விடலாம். வளைவில் அப்படியல்ல. வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் இடித்த கணத்தில் அந்த மூலையின் விறைப்பு திடீரெனப் பல மடங்காகிறது. அந்த டயரின் மேல் சுமை ஒரேயடியாக ஏறிப் பிடிமானம் குறைகிறது. கார் திரும்புகிற போக்கு, ஓட்டுபவர் எதிர்பாராத நேரத்தில் மாறிவிடுகிறது.

தாழ்ந்த கார் வளைவில் நன்றாகத் திரும்பும் என்ற வாதத்தில் உண்மை உண்டு, ஆனால் அதன் அளவு சிறியது. வளைவில் உட்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு மாறும் எடை, காரின் புவியீர்ப்பு மையம் இருக்கும் உயரத்தைப் பொறுத்தது. தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருக்கும் மையம் 30 மி.மீ. இறங்கினால் அந்த எடைமாற்றம் ஐந்தரை சதவீதம்தான் குறையும். இன்னொரு பக்கம், இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள், எர்ல் மெக்பெர்சன் வடிவமைத்த தண்டு வகைச் சஸ்பென்ஷனில் நிற்பவை. அதில் காரை இறக்கும்போது கீழ்க்கையின் சாய்வு மாறி, கார் எந்தப் புள்ளியை மையமாக வைத்துப் பக்கவாட்டில் சாய்கிறதோ அந்தப் புள்ளி, புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால் காரைச் சாய்க்கும் திருப்புவிசையும் கூடுகிறது. கிடைக்கும் கூடுதல் விறைப்பில் ஒரு பகுதி, இறக்கியதால் வந்த இந்தக் குறையைச் சரிசெய்யவே செலவாகிறது.

பந்தயக் கார்கள் தாழ்வாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். அவை மேடுபள்ளமற்ற தடத்தில் ஓடுபவை. உலக ராலிப் போட்டியில் ஓடும் ஹூண்டாய் ஐ20 காரைப் பாருங்கள்: குரோஷியாவின் தார்ச்சாலைக்கு அதைத் தாழ்த்தி, விறைப்பாக அமைக்கிறார்கள், ஃபின்லாந்தின் சரளைச் சாலைக்கு உயர்த்தி, சக்கரம் ஏறி இறங்க நிறைய இடம் விட்டு அமைக்கிறார்கள். உலகத்தரப் பொறியாளர்களே உயரத்தைச் சாலையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

நம் சாலைகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மென்மையான வளைவு. சிறிய காரான ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர். கார் அந்த வளைவின் மேல் நிற்கும்போது வயிற்றை நோக்கி எழும்பும் மேடு 44 மி.மீ.தான். இறக்கிய காரும் அதைத் தாண்டிவிடும். ஆனால் தெருவில் அவரவர் போட்டுக்கொண்ட குட்டையான, செங்குத்தான வேகத்தடை அதே 10 செ.மீட்டரையும் முழுதாக எழுப்புகிறது. ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. 30 மி.மீ. இறக்கினால் 133. சராசரி 65 கிலோ எடையுள்ள ஐவர் ஏறினால் 325 கிலோ, அதாவது 900 கிலோ காரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முந்தைய எடுத்துக்காட்டின் விறைப்பைக் கால் பங்கு கூட்டிய ஸ்பிரிங்கும் அந்தச் சுமையில் சராசரியாக 32 மி.மீ. அமுங்கும். தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே மிஞ்சுவது 101 மி.மீ. முன்பு கணக்கிட்ட 40 மி.மீட்டரில், சக்கரம் மேலே ஏற மிஞ்சுவது வெறும் 8 மி.மீ. பெரிய காரைவிடச் சிறிய காரை இறக்குவது ஆபத்தாவது இதனால்தான்: அதன் எடையோடு ஒப்பிட்டால் பயணிகளின் எடை மிகப் பெரிது.

அமுங்க அமுங்க விறைப்பு கூடும் புரோகிரெசிவ் ஸ்பிரிங் இதைத் தீர்க்காதா? ஓரளவு தீர்க்கும். அதன் நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியதும் மீதிச் சுற்றுகள்தான் வேலை செய்யும், ஆகவே விறைப்பு ஏறும். ஆனால் சிலவற்றில் அந்த மென்சுற்றுகள் கார் சும்மா நிற்கும்போதே ஒட்டிப்போகின்றன. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவாமல் பிடிப்பதே அவற்றின் பணி. சாலையில் அத்தகைய புரோகிரெசிவ் ஸ்பிரிங் சாதாரண ஸ்பிரிங்தான். பணத்தை மிச்சப்படுத்த இருக்கும் ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடும் வழக்கத்தை மட்டும் எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாது. வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமராது. வெட்டும்போது சூடுபட்ட எஃகு தன் பதத்தை இழந்து பின்னொரு நாள் முறியலாம்.

எனவே இறக்கியே ஆக வேண்டும் என்பவர் 15 முதல் 20 மி.மீட்டரோடு நிற்பது நல்லது. பெட்ரோல், டீசல் எஞ்சின்களின் எடை வேறு என்பதால் தன் காரின் வகைக்கென்றே செய்ததா என்று பார்க்க வேண்டும். விறைப்பு எண்ணைச் சொல்லாத ஸ்பிரிங்கை வாங்கக் கூடாது. விறைப்பு கால் பங்கு கூடினாலே பழைய ஷாக் அப்சார்பரின் அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அதையும் பொருத்தமானதாக மாற்ற வேண்டும். மாட்டிய கையோடு ஹெட்லைட்டின் கோணத்தையும் வீல் அலைன்மென்ட்டையும் சரிபார்க்க வேண்டும். அலைன்மென்ட் சரியாக இல்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்ந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்ற 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கையில், ஆர்.டி.ஓ.விடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்னரே கேட்டுக்கொள்வது அறிவுடைமை. வளைவில் பிடிமானம்தான் நோக்கம் என்றால், உயரத்தைத் தொடாமல் நல்ல டயரும் தரமான ஷாக் அப்சார்பரும் மாட்டினால் போதும். குடும்பத்தோடு பயணம் செய்யும் காருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.