குப்பைன்னா எரு

எங்க பக்கத்தில் "குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால், வயலுக்கு எரு கொண்டுபோய்க் கொட்டியாச்சா என்று பொருள். தொழுவத்துச் சாணம், மாடு கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், வாசலில் கூட்டிய சருகு எல்லாம் சேரும் இடம் குப்பைக்குழி. அது உழவன் வீட்டுச் சொத்து. கோடையில் அதை வண்டிக் கணக்கில் விலை பேசி வாங்குவார்கள்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் சித்திரையில் குழியை வெட்டி டிராக்டரில் ஏற்றினோம். மண்வெட்டி போட்ட இடமெல்லாம் ஷாம்பு பாக்கெட்டும் பிஸ்கட் உறையும் கேரி பையுமாக வந்தது. வேலைக்கு வந்த அக்கா, "இதை வயல்ல போட்டா மழைத்தண்ணி எப்பிடிப்பா கீழ இறங்கும்?" என்று கேட்டார். ஒரு நாள் வேலை ரெண்டு நாளாச்சு. பாதி நேரம் பொறுக்குவதிலேயே போச்சு. போட்டது வெளியாள் இல்லை, நாங்கதான்.

பொறுக்கியதைக் கொளுத்திவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பல வீடுகளில் நடப்பதும் அதுதான். ஆனால் பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த நெகிழியைக் கொல்லையில் போட்டு எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது மண்ணிலும் புல்லிலும் படியும். மேயும் மாட்டின், கிளறும் கோழியின் கொழுப்பில் சேரும். பாலாக, முட்டையாக நம் வீட்டுக்கே திரும்பும். வயலுக்கு மருந்து அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கொல்லையில் நஞ்சு மூட்டலாமா?

சரி, பழைய இரும்புக் கடையில் போடலாம் என்றால் எல்லாம் போகாது. எண்ணெய் கேன், தண்ணீர் பாட்டில், கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் போகும். பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காமல், ஒட்டியபடியே விடுங்கள். அந்தச் சின்னத் துண்டுதான் கூட்டும்போது குழிக்கு வந்து சேர்கிறது. சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட் எல்லாம் பல அடுக்கு ஒட்டியவை. அடுக்கைப் பிரிப்பது கட்டுப்படியாகாது, அதனால் யாரும் வாங்குவதில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் 14 வகைக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் பாக்கெட் சரம் கடையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கு. அப்போதுதான் புரிந்தது: குப்பையைப் பிரிக்க வேண்டிய இடம் குழி இல்லை, கடை.

அதிலிருந்து கடைக்குத் துணிப்பையோடு போகிறோம். செக்கு எண்ணெய்க்குத் தூக்குவாளி. தலைக்குச் சீயக்காய், அரப்பு. பிள்ளைகளுக்குக் கடலை உருண்டை. இதையும் தாண்டி வருகிற நெகிழிக்குக் குழிக்கு எட்டத்தில் ஒரு சாக்கு கட்டியிருக்கிறோம். நிறைந்ததும் ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் கொடுத்துவிடுவோம். பேட்டரி, பல்பு, மிச்ச மருந்து தனி டப்பாவில். குழியில் ஒரு கூடை பச்சைக் கழிவு விழுந்தால், மேலே இரண்டு கூடை காய்ந்த சருகு. நாற்றம் வராது, ஈ மொய்க்காது.

அடுப்புக்கும் குப்பைக்கும்கூட உறவு உண்டு. சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். நாலைந்து மாடு இருப்பவர்கள் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் கட்டலாம். தினமும் ஏறக்குறைய 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் கரைத்து ஊற்றினால் நாலைந்து பேர் சமையல் நடக்கும். அடுப்பில் எரிவது மீத்தேன். தழை, மணி, சாம்பல் சத்துகள் கலங்கலிலேயே தங்கி வயலுக்குப் போகும். ஒரே சாணம் சோறும் ஆக்கும், நெல்லும் விளைக்கும்.

மாடு இல்லையா? பயறு, பருப்பை ஊறவைத்து, பாத்திரத்தை மூடி வேகவையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீருக்குத் தீயைக் கூட்டினால் சூடு ஏறாது, தண்ணீர்தான் ஆவியாகும். காசும் கூடவே போகும்.

இந்தச் சித்திரையில் குப்பை அடிக்கிற வேலை ஒரே நாளில் முடிந்தது. நெகிழியே வராத வீடு என்று சொல்ல மாட்டேன், மாத்திரை அட்டையும் கைக்குழந்தையின் டயப்பரும் இன்னும் வருகின்றன. ஆனால் குழியில் பொறுக்கியது ஒரு முறம்கூட இல்லை. அக்கா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துச் சொன்னார்: "இப்பதான்யா இது குப்பை."