பழைய காரின் முன்சக்கரத்தில் இரைச்சலா? ஹப் பேரிங்கை எப்போது, எப்படி மாற்ற வேண்டும்?

திருவனந்தபுரம்: தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நகரம் திருவனந்தபுரம். கிள்ளியாற்றின் அருகே அமைந்த வலியசாலையிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள தம்பானூரில் மழைநீர் தேங்குவது நெடுநாள் சிக்கலாக இருந்ததால்தான், 2015-ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் அனந்தா' என்ற வடிகால் சீரமைப்புப் பணி தொடங்கப்பட்டது. இத்தகைய நீரில் இறங்கி ஏறும் பழைய கார்களில் வெளியில் தெரியாமல் பாதிக்கப்படும் உதிரிபாகங்களுள் ஒன்று, முன்சக்கர ஹப் பேரிங்.

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியிலும், அம்பாசிடரின் உற்பத்தி அதே ஆண்டு மே மாதத்திலும் நின்றன. கடைசியாக வெளிவந்த வண்டிகளே பத்தாண்டுகளைக் கடந்துவிட்ட நிலையில், பேரிங் குறித்த அடிப்படைத் தகவல்களை உரிமையாளர்கள் அறிந்திருப்பது அவசியமாகிறது.

பேரிங் என்ன செய்கிறது?

காரின் எடையைத் தாங்கியபடியே சக்கரத்தைத் தடையின்றிச் சுழலவிடுவது பேரிங்கின் பணி. உள்வளையம், வெளிவளையம், அவற்றுக்கிடையே உருளும் எஃகுக் குண்டுகள் அல்லது உருளைகள், கிரீஸ், அதைக் காக்கும் சீல் ஆகியவை இதன் பகுதிகள். குண்டுகள் கொண்ட பேரிங்குக்கு 1794-இல் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் பெற்ற காப்புரிமையும் வண்டி அச்சுக்கானதே.

சீல் தேய்ந்து நீர் உட்புகுந்தால் கிரீஸ் தன் வழுவழுப்பை இழக்கிறது. வளையங்களில் துரு படிந்து நுண்குழிகள் உருவாகின்றன. வேகமாகச் சாலைப் பள்ளத்தில் விழும்போது ஏற்படும் அதிர்ச்சியும் வளையங்களில் தழும்புகளை உண்டாக்கும்.

கண்டறிவது எப்படி?

வேகம் கூடக் கூட அதிகரிக்கும் தொடர் இரைச்சலே முதல் அறிகுறி. ஆளில்லாத நேரான சாலையில் கியரை நியூட்ரலுக்கு மாற்றிய பிறகும் ஒலி தொடர்ந்தால், அது என்ஜினிலிருந்து வருவதன்று. சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் டயரே காரணமாக இருக்கலாம். வலப்புறம் திரும்புகையில் எடை இடச் சக்கரத்தின் மீது சாய்வதால், அப்போது ஒலி கூடினால் பெரும்பாலும் இடப்புற பேரிங்கே பழுதாகியிருக்கும்.

அடுத்து, சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கிலும், தொடர்ந்தால் பால் ஜாயின்ட் போன்ற பிற பாகங்களிலும் பழுது இருக்கக்கூடும்.

மாற்றும் முறை

மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் பேரிங், நக்கிள் எனப்படும் வார்ப்புப் பாகத்தினுள் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த பிறகே பணியைத் தொடங்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே அச்சு நட்டைச் சிறிது தளர்த்திக்கொள்வது எளிது. வண்டியை உயர்த்தியபின் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைப்பது கட்டாயம்.

பிரேக் காலிப்பரைக் கழற்றியதும் அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் சேதமடையும். பின்னர் ஹப்பையும் நக்கிளையும் கழற்றி, பழைய பேரிங்கை பிரஸ் இயந்திரத்தால் வெளியேற்றி, அது அமர்ந்திருந்த இடத்தில் துருவும் கீறலும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

புதிய பேரிங் வீணாவது பெரும்பாலும் பொருத்தும் கட்டத்தில்தான். நக்கிளினுள் அழுத்தும்போது விசை வெளிவளையத்தின் மீது மட்டுமே விழ வேண்டும். ஹப்பைச் செலுத்தும்போது உள்வளையத்துக்குத் தாங்கல் தர வேண்டும். முறை மாறினால் விசை குண்டுகளின் வழியே கடந்து, ஓடும் முன்பே வளையங்களில் தழும்பு ஏற்படும். சுத்தியலால் அடித்துப் பொருத்தப்பட்ட பேரிங் சில மாதங்களிலேயே மீண்டும் இரைவதற்கு இதுவே காரணம்.

சீலையும், மீண்டும் பயன்படுத்தக் கூடாத நட், ஸ்ப்ளிட் பின் ஆகியவற்றையும் புதிதாகப் போட வேண்டும். அச்சு நட்டை, அந்த மாடலின் சர்வீஸ் கையேடு குறிப்பிடும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். அவ்வாறு இறுக்கும்வரை வண்டியின் எடையைச் சக்கரத்தின் மீது இறக்கக் கூடாது. ஸ்ட்ரட் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், வீல் அலைன்மென்ட்டையும் சரிபார்ப்பது நல்லது.

பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய மாடல்கள் பலவற்றில் டேப்பர் ரோலர் பேரிங் ஜோடி உண்டு. இவற்றைக் கழுவி, புதிய கிரீஸ் இட்டு, நட்டைச் சரிசெய்து மீண்டும் பயன்படுத்தலாம். ஆயினும் உருளைகளில் குழியோ நிறமாற்றமோ தென்பட்டால், வளையத்தோடு சேர்த்து மாற்றுவதே முறை.

தள்ளிப்போட்டால்?

தேய்ந்த பேரிங் சூடேறி இறுகிவிட்டால் சக்கரம் சுழல மறுக்கும். நிலைமை முற்றினால் ஹப் உடைந்து சக்கரம் கழன்றுவிடும் அபாயமும் உள்ளது. ஆட்டம் தெரியும் அளவுக்குப் பழுதான வண்டியை ஓட்டாமல், ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு.

சந்தையில் போலி பேரிங்குகளும் புழங்குவதால், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்க வேண்டும். இந்தியாவில் தனிநபர் கார்களின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க, வண்டி தகுதிப் பரிசோதனையில் தேற வேண்டும். ஆனால் இரைச்சல் எழுந்துவிட்டால், அந்த நாள்வரை காத்திருக்காமல் உடனே சக்கரத்தைச் சோதிப்பதே உயிருக்கும் வண்டிக்கும் காப்பு.