நிலக்கரிச் சுரங்கம் புகட்டிய மூன்று பாடங்கள்

நிலத்தின் மேலே வாழ்பவன் தான் சுவாசிக்கும் காற்றைப் பற்றிச் சிந்திப்பதில்லை. வீட்டை விட்டு வெளியேறும் வழியைப் பற்றியும் அவனுக்குக் கவலையில்லை. நிலத்தினுள் இறங்கித் தொழில் செய்பவனது நிலையோ வேறு. அவனுக்கு நல்ல காற்று வேண்டும். இடர் நேருமிடத்து வெளியேற வழி வேண்டும். அவன் தோண்டி வெளியே அனுப்பும் கல்லும் மண்ணும் ஊரார் மேல் சரியாதிருத்தலும் வேண்டும். நிலக்கரித் தொழிலில் உலகிற்கு முன்னோடியாக விளங்கிய பிரித்தானியா இம்மூன்று பாடங்களையும் மிகுந்த விலை கொடுத்தே கற்றது. அந்நாட்டுச் சுரங்கச் சட்டங்களிற் பலவற்றின் பின்னால் ஒரு பெருவிபத்தும் அதில் மாண்டோரின் பெயர்ப்பட்டியலும் உண்டு.

முதலாவது பாடம் காற்றைப் பற்றியது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மண்ணுள் அமிழ்ந்த தாவரங்களே நிலக்கரியாக மாறின. அம்மாற்றத்தின்போது உண்டாகிய மீதேன் என்னும் வாயு கரிப்படையினுள் அடைபட்டுக் கிடக்கிறது. படையை வெட்டும்போது அது கசிந்து வெளிவரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றிலே நூற்றுக்கு 5 முதல் 15 வரையிலான பங்கு அது கலந்திருக்கும்போது தீச்சுடர் பட்டால் வெடித்துவிடும். ஆனால் அக்காலத் தொழிலாளர் பெரும்பாலும் மெழுகுதிரி வெளிச்சத்திலேயே வேலை செய்தனர். 1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசில் நகருக்கு அண்மையிலுள்ள பெலிங் சுரங்கத்தில் அவ்வாறு நேர்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். அவர்களுட் சிறுவரும் பலர்.

அவ்வட்டாரக் குருவானவராகிய ஜோன் ஹொட்ஜ்சன் விபத்தின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். மக்களின் மனம் கலங்கிற்று. விஞ்ஞானிகளின் உதவி நாடப்பட்டது. 1815ஆம் ஆண்டில் சேர் ஹம்பிரி டேவி, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை அமைந்த விளக்கொன்றை ஆக்கினார். கம்பிவலை சுடரின் வெப்பத்தை ஈர்த்துப் பரவச் செய்வதால், உள்ளே எரியும் தீ வெளியேயுள்ள வாயுவைப் பற்றுவதில்லை. அன்றியும், மீதேன் கலந்த காற்றிலே சுடரின் மேல் நீலநிற முடியொன்று தோன்றும். ஒட்சிசன் குறைந்தாற் சுடர் அணையும். ஒளி தரும் கருவியே எச்சரிக்கை தரும் கருவியுமாயிற்று. ஜோர்ஜ் ஸ்ரீபன்சனும் அதே ஆண்டில் வேறொரு காப்பு விளக்கை அமைத்தார். டேவி தமது கண்டுபிடிப்புக்கு உரிமைப் பத்திரம் பெற மறுத்தார்.

இதன் பின்னர் உயிரிழப்புக் குறைந்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. வாயு மிகுதியென்று கைவிடப்பட்டிருந்த படைகளைச் சுரங்க உரிமையாளர் புதிய விளக்கை நம்பி மீண்டும் திறந்தனர். கம்பிவலை கிழிந்தாலும், வேகமான காற்றோட்டத்தில் அகப்பட்டாலும் அவ்விளக்குக் காப்பளிக்கவில்லை. அதன் ஒளியும் மங்கலானது. வாயுவைக் கலைத்து வெளியே கொண்டுசெல்லும் நல்ல காற்றோட்டமே முதற்காப்பு; விளக்கு அதற்குத் துணையாகுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்காது. ஆபத்தைக் குறைக்கக் கிடைத்த கருவியைக் கொண்டே மனிதன் மேலும் பெரிய ஆபத்தை ஏற்கத் துணிவான் என்பதை இவ்விளக்கின் கதை காட்டுகிறது.

இரண்டாவது பாடம் வழியைப் பற்றியது. நோதம்பலந்துப் பகுதியிலே நியூ ஹாட்லி என்னும் ஊரிலிருந்த சுரங்கத்துக்கு ஒரே ஒரு குழிவாயில்தான் இருந்தது. ஏறத்தாழ 12 அடி விட்டமுள்ள அவ்வாயிலை மரத்தடுப்பொன்று இரு கூறாகப் பிரித்தது. ஆட்கள் இறங்குவதும், கரி ஏறுவதும், நல்ல காற்று உட்செல்வதும், கெட்ட காற்று வெளிவருவதும், நீர் இறைப்பதும் யாவும் அதன் வழியேதான். இரண்டாவது வாயில் தோண்டப் பெருஞ் செலவாகும்; ஆகவே அது தோண்டப்படவில்லை.

1862ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி முற்பகல். ஒரு பகுதியினர் வேலை முடித்து மேலே வரவும், மற்றொரு பகுதியினர் இறங்கிப் பொறுப்பேற்கவுமான நேரம். குழிவாயிலின் மேல் அமைந்திருந்த நீரிறைக்கும் பொறியின் வார்ப்பிரும்பு உத்தரம் திடீரென இரண்டாக முறிந்தது. 40 தொன்னுக்கு மேற்பட்ட அவ்வுத்தரத்தின் ஒரு பாதி குழிக்குள் வீழ்ந்து, மரத்தடுப்பையும் பக்கச் சுவரையும் சிதைத்து வழியை அடைத்தது. கூண்டில் மேலேறி வந்துகொண்டிருந்த எண்மருள் ஐவர் மாண்டனர். கீழே 199 பேர் அடைபட்டனர்.

அவர்களை மீட்க ஆறு நாட்கள் இரவு பகலாக உழைத்தனர். வழி திறக்கப்பட்டபோது ஒருவரும் உயிருடன் இல்லை. தந்தையரும் மைந்தரும் அருகருகே கிடந்தனர். இரும்பு அவர்களைத் தீண்டவில்லை. காற்றோட்டம் நின்றபின் பரவிய நச்சுவாயுவே அவர்களைக் கொன்றது. இறந்தோர் தொகை 204. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வெளியேறும் வழிகள் இருத்தல் வேண்டுமெனப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. ஒரே வாயிலின் ஆபத்து அன்றுதான் புதிதாகத் தெரியவந்ததா? இல்லை, சுரங்கப் பொறியியலாளர் பலர் அதனை முன்னரே அறிந்திருந்தனர். செலவுக் கணக்கே அதுவரை வென்றுவந்தது.

ஹாட்லியிற் கொன்ற அந்நச்சு காபனோரொட்சைட்டு ஆகும். வெடிப்புக்குப் பின் இறப்போரிற் பெரும்பாலோரைக் கொல்வது தீயன்று, இவ்வாயுவே என்பதை 1896ஆம் ஆண்டில் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் எடுத்துக்காட்டினார். சிற்றுயிர்களை அது மனிதரிலும் விரைவாகத் தாக்குவதால், அவற்றைச் சுரங்கத்துள் எடுத்துச் செல்லலாமென்றும் அவர் கூறினார். கனேரிக் குருவி சுரங்கத் தொழிலாளரின் தோழனாகியது இவ்வாறே. மின்னியற் கருவிகள் வந்தபின், 1986ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியச் சுரங்கங்கள் அக்குருவிகளுக்கு விடைகொடுக்க முடிவுசெய்தன.

மூன்றாவது பாடம் கழிவைப் பற்றியது. சுரங்கத்திலிருந்து கரி மட்டும் வருவதில்லை. உடைந்த கல்லும் மண்ணும், கரியைக் கழுவிய சேறும் வருகின்றன. தென் வேல்சிலே பள்ளத்தாக்குகள் ஒடுங்கியவை; ஆதலால் அக்கழிவு மலைச்சரிவுகளிற் குவிக்கப்பட்டது. அபர்வான் என்னும் சிற்றூருக்கு மேலே அத்தகைய மேடுகள் பல எழுந்தன. 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஏழாவது மேடு நீரூற்றொன்றின் மேலேயே அமைந்தது. கீழிருந்து ஊற்றும் மேலிருந்து மழையும் நனைக்க, மேட்டின் உட்பகுதி மெல்ல மெல்ல நெகிழ்ந்துவந்தது. பாடசாலைகளின் பின்புறத்தே சேறு குவிக்கப்படுவதன் ஆபத்தைக் குறித்து 1963ஆம் ஆண்டிலேயே உள்ளூராட்சிப் பொறியியலாளர் கடிதம் எழுதியிருந்தார். குவித்தல் நிற்கவில்லை.

1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் மணியளவில் அம்மேடு சரிந்தது. சேறு பான்ற்கிளாஸ் ஆரம்ப பாடசாலையையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. 116 பிள்ளைகளும் 28 வளர்ந்தோரும் இறந்தனர். விடுமுறைக்கு முந்திய கடைசி நாள் அது. சுரங்கத்துள் வேலை செய்துகொண்டிருந்த தந்தையர் மேலே வந்து தம் பிள்ளைகளைத் தேடி மண்ணைத் தோண்டினர்.

விசாரணைக் குழு 1967ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டு, தேசிய நிலக்கரிச் சபையையே பொறுப்பாளியாகக் கண்டது. சுரங்கத்தினுள்ளே ஒவ்வொரு தூணுக்கும் விளக்குக்கும் விதியிருந்தது. வெளியே மலைபோல் எழுந்த மேட்டைக் கவனிக்கத் தெளிவான கொள்கை எதுவும் இருக்கவில்லை. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கென, துயருற்றோருக்காகப் பொதுமக்கள் வழங்கிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண் எடுக்கப்பட்டது. அத்தொகை 1997ஆம் ஆண்டில், வட்டியின்றித் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் வேல்ஸ் அரசாங்கம் மேலும் 20 இலட்சம் பவுண் வழங்கியது. கழிவு மேடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமோ 1969ஆம் ஆண்டில் வந்தது.

பிரித்தானியாவின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மூடப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டதோடு கதை முடிந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில், பெருமழைக்குப் பின் வேல்சின் ரைலர்ஸ்ரவுன் என்னுமிடத்தில் பழைய மேடொன்று சரிந்தது. உயிரிழப்பு நேரவில்லை. அதன் பின்னர் எடுத்த கணக்கில், கைவிடப்பட்ட கரிக்கழிவு மேடுகள் வேல்சில் மட்டும் ஈராயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளன எனத் தெரிந்தது. கரியை எரித்தவர்கள் மறைந்துவிட்டனர். கழிவைக் காக்கும் கடமை பேரப்பிள்ளைகளிடம் வந்திருக்கிறது.

பெலிங்கில் வாயுவையும், ஹாட்லியில் ஒற்றை வாயிலையும், அபர்வானில் ஊற்றையும் முன்னரே அறிந்தவர்கள் இருந்தனர். அறிவு குறைந்ததனால் அம்மக்கள் மாளவில்லை. இரண்டாவது வாயிலைத் தோண்டும் செலவும், கழிவை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் செலவும் வீண்செலவெனக் கருதப்பட்டமையாலேயே மாண்டனர். இன்றும் உலகின் பல நாடுகளில் மனிதர் நிலத்தினுள் இறங்கிக்கொண்டிருக்கின்றனர். அங்கே எழுதப்படும் கணக்கேடுகளில் காற்றும், வழியும், கழிவும் முதற்பக்கத்தில் இடம்பெறுகின்றனவா, அல்லது விபத்தின் பின்னரே சேர்க்கப்படுகின்றனவா என்பதைப் பொறுத்தே மாலையில் அவர்கள் வீடு திரும்புவது அமையும்.